கற்சரிவின் மூச்சு

சிப்ரியன் அனதோலுக்குத் தர வேண்டியது ஏழு டாலர் அறுபது சென்ட். மெல்லுவதற்கென்று இருவரும் சேர்ந்து சுரண்டி விற்ற ஸ்ப்ரூஸ் மரப் பிசினில் அனதோலின் பங்கு அது. போன அக்டோபரில் அனதோல் காணாமல் போனான். எங்கேயாவது மரம் வெட்டப் போயிருப்பான் என்று ஊரில் சொன்னவன் சிப்ரியன்தான்.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் வாசலில் அனதோலின் மனைவி தெலிமா மறித்தாள்.

"என்ன சிப்ரியன், சட்டை புதுசா இருக்கு. எங்க காசுலயா?"

"இந்த வாரம் தந்துடறேன் தெலிமா."

"தரலேன்னா விட்டுடுவாரா? எங்க இருந்தாலும் வந்து வாங்கிடுவாரு எங்க வீட்டுக்காரரு."

அதனால்தான் இந்த ஆகஸ்ட் மதியம் அனதோலோடு கடைசியாகப் பிசின் சுரண்டிய கற்சரிவுக்கு மறுபடியும் வந்தான். கடைக்காரர் கொடுத்த முன்பணம், அதே ஏழு அறுபது, சில்லறையாகச் சட்டைப் பையில் கனத்தது. மாலைக்குள் பிசின் கொடுத்தாக வேண்டும்.

மேலே மேப்பிள் மரங்கள் வெயிலில் வாடி நிற்க, கீழே இறங்க இறங்கக் குளிர் கணுக்காலைப் பிடித்தது. பாறைகளுக்கு அடியில் கோடையிலும் பனிக்கட்டி கிடக்கும். இடுக்குகள் வழியே அதன் மூச்சு வரும். அந்த மூச்சில் இருநூறு வயது ஸ்ப்ரூஸ் மரங்கள் ஆள் உயரம்கூட வளராமல் கோணி நின்றன. இலைக்கு அடியில் துரு நிறப் பஞ்சு ஒட்டிய செடி இருக்கும் இடத்தில் கால் வைக்கலாம். பாசி மெத்தையாகப் பரந்த இடத்தில் வைக்கக் கூடாது, அடியில் ஒன்றும் இருக்காது. அனதோலுக்கும் இது தெரியும். அன்று களைத்திருந்தான், பாசியில் கால் வைத்துவிட்டான்.

சிப்ரியனும் களைத்துத்தான் இருந்தான். மூன்று முறை கூப்பிட்டான். மூன்று முறையும் பாசிக்குள்ளிருந்து பதில் வந்தது. பனி விழத் தொடங்கியிருந்தது. கயிறு எடுத்துவர ஆறு மைல் நடக்க வேண்டும். வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டான்.

அன்று கிழிந்த பாசி இப்போது மூடியிருந்தது. சுண்டுவிரல் அகலம் வளரவே பல வருஷம் பிடிக்கும் பாசி அது. ஓரத்தில் கை நுழையும் அளவுக்கு ஒரு துளை மட்டும் இருந்தது. குளிரும் என்று நினைத்துக் கையை நீட்டினான்.

சூடாக வந்தது.

நின்றது. மறுபடி வந்தது. வாயில் நெடுநேரம் மென்ற பிசினின் வாசனை.

காசை அள்ளித் துளைக்குள் கொட்டினான். கல்லில் விழும் சத்தம் இல்லை. ஒன்றுகூட. ஏந்திக்கொண்டது போல.

ஓடினான்.

ஊருக்குள் நுழையும் இடத்தில் தெலிமாவின் வீடு. வாசலில் அவள் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"கணக்கு தீந்துச்சுன்னு சொல்லச் சொன்னாரு சிப்ரியன். வழியிலயே குடுத்துட்டியாமே! உள்ள வா. வந்ததுலேருந்து உன்னையத்தான் கேட்டுட்டிருக்காரு."

மாலை வெயிலில் குளிர் கணுக்காலைப் பிடித்தது. வாசலிலிருந்து மேசை வரைக்கும் தரையில் ஈரப்பாசி. மேசைமேல் காசுகள் அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் பனி பூத்திருந்தது. அதற்கப்பால் இருட்டில் யாரோ நிதானமாக மென்றுகொண்டிருந்தார்கள்.

மெல்லும் சத்தம் நின்றது.

"சிப்ரியன்" என்றது குரல்.

முதல் முறை.