தம்பதியாக வரவும்

கொள்ளேகாலம் பஸ்ஸில் வந்து இறங்கி, ஹெப்பாளில் அக்கா வீட்டுக் கதவைத் தள்ளியபோது ஒரு குவியல் கடிதம் காலில் மிதிபட்டது. எல்லாம் விளம்பரம். வாட்டர் ஃபில்டர், என்சைக்ளோபீடியா, விடுமுறை கிளப். எல்லாவற்றிலும் 'திரு. கெம்பையன்' என்று அச்சடித்திருந்தது. அக்கா ஒன்றையும் தொடவில்லை.

கெம்பையன் என் அக்கா மாதேவியின் புருஷன். ஃபேக்டரியிலிருந்து சைக்கிளில் வரும்போது லாரி அடித்து, மாமா போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. துணைக்கு இருந்துவிட்டு வா என்று அம்மா என்னை அனுப்பியிருந்தாள்.

போன் இன்னும் மாமா பேரில்தான் இருந்தது. அது தொண்ணூற்றெட்டாம் வருஷம். டெலிபோன் டைரக்டரியை வைத்துக்கொண்டு, எதையாவது விற்க வீடு வீடாகக் கூப்பிட ஆரம்பித்திருந்த சமயம். பேரை மாற்றச் சொன்னால் அக்கா கேட்க மாட்டாள். "அந்தப் புக்குலயாவது அவரு இருக்கட்டும் கண்ணு" என்பாள்.

ஒரு நாளைக்கு நாலு போன். நாலு தடவையும் "அவரு இல்லீங்க, தவறிட்டாருங்க" என்று சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவாள். சோறு இறங்காது. இந்தப் பாவிகளுக்கு வேறு வேலையே இல்லையா?

மூன்றாம் நாள் விளக்கு வைக்கிற நேரம் மணி அடித்தது. நான் எடுத்தேன். ஒரு பெண் குரல்.

"நமஸ்காரம்மா. விடுமுறை கிளப்லேருந்து பேசறேன். கெம்பையன் சார் இருக்காரா? குலுக்கல்ல அவரு பேரு விழுந்திருக்கு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஹோட்டல்ல ஃபங்ஷன். தம்பதியா வந்தாத்தான் கிஃப்ட்."

அக்கா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். அதற்குள் அவள் முகம் வாடிவிட்டது. அவள் காதுபட அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஊருக்குப் போயிருக்காருங்க. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருவாரு. ரெண்டு பேரும் வருவாங்க, போதுமா? இனிமே கூப்பிடாதீங்க!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு எனக்கு அது தோன்றவே இல்லை. மறுநாள் ஒரு போனும் வரவில்லை என்றதும், "பாத்தியாக்கா என் சாமர்த்தியத்தை!" என்று பீற்றிக்கொண்டேன்.

சனிக்கிழமை மணி அடித்தது. அதே பெண்.

"சார் பேசினாரும்மா. வரேன்னுட்டாரு."

"எந்த சாரு?"

"கெம்பையன் சார்தான். வீட்டம்மாவைப் பச்சைச் சேலை கட்டி ரெடியா இருக்கச் சொன்னாரு."

"யாருடி நீ? விளையாடறியா?" என்று கத்தினேன்.

லைன் கொஞ்ச நேரம் இரைந்தது. பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அவரு லைன்லயேதான் இருக்காரும்மா. கொடுக்கட்டுமா?"

போனைப் பட்டென்று வைத்துவிட்டேன்.

"யாரு கண்ணு?" என்றாள் அக்கா.

"ராங் நம்பர்."

"போடி பொய்க்காரி" என்று சிரித்தாள். ஏழு மாதத்தில் அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். போன் வயரைப் பிடுங்கினேன். நாலு மணிக்கே மழை இருட்டிக்கொண்டு வந்து கரண்ட் போனது. அக்கா என் மடியில் தலைவைத்துப் படுத்தாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். நான் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை.

ஐந்தரைக்கு மெஷின் ஆயில் வாடை வந்தது. மாமா ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு முழுக்க அடிக்கும் வாடை.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம்.

ஒன்று.

பிறகு இன்னொன்று.

யாரும் கதவைத் தட்டவில்லை. அக்காவின் கையைப் பிடித்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. உலுக்கினேன், கூப்பிட்டேன், எழவில்லை. மாதேஸ்வர சாமி, எங்க அக்காவை விட்டுரு, நான் சொன்னது பொய், பொய் என்று புலம்பினேன்.

எட்டு மணிக்குக் கரண்ட் வந்தது. அக்கா கண் விழித்து, "பசிக்குது கண்ணு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

புதன்கிழமை ஒரு கவர் வந்தது. இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'திரு. கெம்பையன், திருமதி மாதேவி அவர்களுக்கு. ஞாயிறன்று தம்பதியாக வந்ததற்கு நன்றி. உங்கள் அறை தயாராக இருக்கிறது. மேடம் கேட்டபடி ஒரு வாரம் அவகாசம் தந்திருக்கிறோம்.' கூடவே ஒரு படிவம். அதில் இரண்டு கையெழுத்து. ஒன்று மாமாவுடையது. இன்னொன்று அக்காவின் கோணல்மாணல் கன்னட எழுத்து.

"அக்கா!" என்று உள்ளே ஓடினேன்.

பீரோ திறந்து கிடந்தது. அக்கா தன் சேலைகளையெல்லாம் மடித்து என் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆளில்லாத கட்டிலைப் பார்த்து, தணிந்த குரலில் பேசினாள்.

"அவசரப்படுத்தாதீங்க. அதான் வர்ற ஞாயித்துக்கிழமை வந்துடறேன்னு சொன்னேனில்லீங்க?"