ஒட்டுப்போட்ட மின்னஞ்சல்

மரிட்சா கிஷ்பே உள்ளே வந்ததும் உட்காரவில்லை. நனைந்த காலணியோடு நேராக மேஜைக்கு வந்து, கையிலிருந்த காகிதத்தை அறைந்தாற்போல் வைத்தாள்.

"இதைப் படிச்சுப் பாருங்க, எல்வியா அம்மா. கீழே என் பேர் இருக்கு. இதை நான் அனுப்பவே இல்லை. ஆனா ஒவ்வொரு வரியும் நான் எழுதினதுதான். இதை யார்கிட்ட போய்ச் சொல்வேன்? சொன்னா எனக்குப் பைத்தியம்னு நினைப்பாங்க!"

எல்வியா தோவாபந்தா காபிக் கோப்பையை ஓரமாக நகர்த்தினார். தபால் துறையின் புகார்ப் பிரிவில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்து, பிரித்து ஒட்டிய உறைகளையும் தேதி மாற்றிய முத்திரைகளையும் பார்த்துப் பார்த்து ஓய்வு பெற்றவர். கீட்டோ நகரத்து ஏழைகள் வக்கீலிடம் போகுமுன் அவர் வீட்டு மாடியேறுவது வழக்கம். ஜன்னலோரம் நின்றிருந்த டாக்ஸிக்காரர் வாஷிங்டன் சிகைசா அவருக்குக் காரோட்டி, தோழன், தொந்தரவு எல்லாம்.

"முதல்ல உக்காரும்மா," என்றார் எல்வியா. "ஏன் இப்படி நனைஞ்சிருக்கே? உன்கிட்ட கார் இருக்குன்னு போன்ல சொன்னியே?"

"இன்னைக்கு அதுக்கு லீவு. நெரிசலைக் குறைக்க, ஏழுல முடியற நம்பர் வண்டி இன்னைக்கு நகரத்துல ஓடக்கூடாதுன்னு சட்டம். ரெண்டு பஸ் மாறி வந்தேன்."

"என் டாக்ஸிக்கு லீவே கிடையாது, தெரியுமில்ல?" என்று வாஷிங்டன் ஆரம்பித்தார். எல்வியா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

நடந்தது இதுதான். கீட்டோவுக்கு வெளியே கயாம்பேயில் ஒரு ரோஜாத் தோட்டம். மரிட்சா அங்கே பாதுகாப்பு அலுவலர். பூச்சிமருந்து அடித்த பசுமைக்குடிலுக்குள் எப்போது ஆட்கள் போகலாம், எப்போது போகக்கூடாது என்று சொல்வது அவள் வேலை. காதலர் தினத்துக்குப் பூ ஏற்றுமதியாகும் பரபரப்பில், போன வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குப் பதினான்காம் குடிலுக்குள் பூ வெட்டப் பதினோரு பெண்களை அனுப்பினார்கள். முந்தின இரவு மருந்தடித்த குடில் அது. அரைமணி நேரத்தில் பதினோரு பேரும் வரிசையாகச் சுருண்டு விழுந்தார்கள். பத்துப் பேர் தேறிவிட்டார்கள். நான்சி என்ற பத்தொன்பது வயதுப் பெண் இன்னும் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை.

"யாரும் உள்ள போகக்கூடாதுன்னு அன்னைக்குக் காலையிலதான் மெயில் அனுப்பினேன். மத்தியானம் என் மெயிலைப் பூட்டிட்டாங்க, ஆபீஸ் போனையும் புடுங்கிட்டாங்க. இப்ப தொழிலாளர் துறை ஆய்வாளர் கையில இருக்கறது இதுதான். இன்னைக்கு மூணு மணிக்கு விசாரணையை முடிச்சுக் கையெழுத்துப் போடறாங்க. அதோட என் உரிமம் போயிடும். போகட்டும்! ஆனா நான்சியோட அக்கா லுஸ்மிலா ஆஸ்பத்திரி வாசல்ல என்னைப் பார்த்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா. அவ தங்கச்சியை விஷத்துக்குள்ள நான் அனுப்பினேன்னு நம்பறா. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

எல்வியா காகிதத்தை எடுத்து உரக்கப் படித்தார்.

"வியாழன், காலை 7.40. இன்ஜினியர் அவர்களுக்கு, வணக்கம். அளவுக் கருவியைக் காலையில் என் காரிலேயே கொண்டுவந்துவிட்டேன். பதினான்காம் குடிலைப் பார்த்தேன். விடியற்காலையிலிருந்தே பக்கத் திரைகளை ஏற்றியிருக்கிறார்கள், காற்று நன்றாக ஓடுகிறது. மருந்து வாடை இல்லை. பெண்கள் உள்ளே போய் வெட்டலாம். உறைபனி விலகியதும் திரைகளை ஏற்றச் சொல்லுங்கள். மரிட்சா."

"அடப்பாவி!" வாஷிங்டன் துள்ளினார். "திரை ஏற்கெனவே ஏத்தியிருக்குன்னா, அப்புறம் எதை ஏத்தச் சொல்றது? வெட்டி ஒட்டியிருக்கான்!"

"ஒட்டுத் தெரியுது. ஒட்டினவர் தெரியலையே," என்றார் எல்வியா. "அந்த வாரம் எத்தனை மெயில் அனுப்பினே?"

"மூணு. திங்கள்கிழமை ஒன்பதாம் குடில், செவ்வாய்க்கிழமை மூணாம் குடில், வியாழக்கிழமை பதினாலு. ஆய்வாளர் அந்த வாரத்து மெயிலையெல்லாம் ஒண்ணா சேர்த்து அனுப்பச் சொன்னாங்களாம். மொத்தம் எத்தனைன்னு அவங்களுக்குத் தெரியாது, கைக்குப் போனது இந்த ஒண்ணுதான். என் மெயிலைத் தொடற வசதி மூணு பேருக்கு இருக்கு. நாங்க இன்ஜினியர்னு கூப்பிடற மேலாளர் கோர்டோவெஸ், செயலாளர் ஸோய்லா, கம்ப்யூட்டர் பார்க்கிற ஃபப்ரீசியோ. ஸோய்லாவும் ஃபப்ரீசியோவும் கீட்டோவுல என் பக்கத்துத் தெரு. தினமும் என் காருலதான் வருவாங்க."

"உன் காருல வந்துட்டு உனக்கே குழி! அந்த ஸோய்லாதான், சந்தேகமே இல்லை," என்று தீர்ப்பெழுதிவிட்டு வாஷிங்டன் சாவியை எடுத்தார்.

தோட்டத்து வாசலில் வாகனங்களையும் ஆட்களையும் எழுதும் நோட்டு இருந்தது. காவலாளி இவர்கள் பெயரை எழுதுவதற்குள், எல்வியா முந்தின வாரத்துப் பக்கத்தைப் புரட்டி நிதானமாகப் படித்துவிட்டார். நோட்டை மூடிவைத்துவிட்டு உள்ளே நடந்தார்.

விசாரணைக்கு வரும் தொழிலாளி தன்னோடு ஆளை அழைத்து வரலாம் என்பதால் மேலாளர் ரமீரோ கோர்டோவெஸால் இவர்களைத் தடுக்க முடியவில்லை. தோட்டத்துக்குள்ளேயே பழைய பண்ணை வீட்டில் குடியிருப்பவர் அவர். இஸ்திரி மடிப்புக் கலையாத மேலங்கி, பளபளக்கும் பூட்ஸ். பதினோரு பெண்கள் விழுந்த இடத்திலிருந்து இருநூறடி தூரத்தில் அப்படி மினுக்கிக்கொண்டு நிற்க ஒரு தனி மனசு வேண்டும்.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஸோய்லா ஒரு கட்டுக் காகிதத்தை நீட்டினாள். ஒவ்வொன்றின் மூலையிலும் கோர்டோவெஸ் பச்சை மையில் கையெழுத்தும் நேரமும் கிறுக்கித் தட்டில் போட்டார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

"மெயிலையெல்லாம் காகிதத்துலதான் படிப்பீங்களா, இன்ஜினியர்?" என்று கேட்டார் எல்வியா.

"திரையைப் பார்த்தா எனக்குத் தலைவலி வரும், சென்யோரா. எனக்கு எல்லாம் அச்சுல வரணும். நான் பார்க்காம இங்க ஒரு துரும்பு அசையாது."

"நல்ல பழக்கம்," என்றார் எல்வியா.

ஆய்வாளர் அகிர்ரே உணவுக்கூடத்திலேயே விசாரணை வைத்திருந்தார். பெண்கள் உருளைக்கிழங்கு சூப்பைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து போகாமல் சுவரோரம் நின்றார்கள். லுஸ்மிலா முன்வரிசையில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். எல்வியா அறிவிப்புப் பலகையில் குத்தியிருந்த இந்த வாரத்துச் சாப்பாட்டுப் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தார். பட்டியலின் கீழ்மூலை சுருண்டிருந்தது.

"பசிக்குதா?" என்று வாஷிங்டன் காதோடு கேட்டார்.

"ரொம்ப," என்றார் எல்வியா.

மூன்று அடித்தது. ஆய்வாளர் பேனாவைத் திறந்தார். "மெயில் தெளிவா இருக்கு. மறுத்துச் சொல்ல ஏதாவது உண்டா?"

"ஒரு கேள்வி மட்டும்," என்று எல்வியா எழுந்தார். "இது வியாழக்கிழமை காலையில எழுதினது. 'காலையில் என் காரிலேயே' வந்ததா இருக்கு. மரிட்சாவோட கார் நம்பர் ஏழுல முடியுது. ஆய்வாளரே, நீங்க கீட்டோவுலதானே இருக்கீங்க?"

ஆய்வாளரின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. "ஏழுன்னா... வியாழக்கிழமை காலையில வண்டியை எடுக்கக்கூடாதே."

"எடுத்தா வண்டியைத் தூக்கிட்டுப் போயிடுவாங்க!" என்றார் வாஷிங்டன்.

"அஞ்சு மணிக்கே கிளம்பியிருப்பா," என்றார் கோர்டோவெஸ், சிரித்துக்கொண்டே. "கட்டுப்பாடு ஆறு மணிக்கு மேலதானே?"

"அப்படியும் இருக்கலாம்னுதான் வாசல் நோட்டைப் பார்த்தேன். போன வியாழக்கிழமை ஏழு இருபத்தஞ்சுக்கு மூணு பேர் நடந்து உள்ள வந்திருக்காங்க. மரிட்சா, ஸோய்லா, ஃபப்ரீசியோ. அந்தப் பக்கத்துல மரிட்சாவோட வண்டி நம்பரே இல்லை. திங்கள்கிழமைப் பக்கத்துல இருக்கு. ஆக, கார் வரி அதுக்கு முந்தின மெயில் ஒண்ணுலேர்ந்து வந்தது. திரை ஏத்தின வரி, வாடை இல்லாத வரி, உள்ள போகலாம்ங்கிற வரியெல்லாம் வேற குடிலுக்கு எழுதினது. வியாழக்கிழமை மெயில்ல மிச்சம் விட்டு வச்சது குடில் நம்பரையும், உறைபனி விலகினதும் திரையை ஏத்துங்கங்கிற கடைசி வரியையும்தான். அந்தக் கடைசி வரியை வெட்ட மறந்துட்டாங்க. ஒரே குடில்ல திரை ஏத்தியும் இருக்கு, இனிமேதான் ஏத்தவும் வேணும்!"

பெண்களிடையே ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கோர்டோவெஸ் தோளைக் குலுக்கினார். "சேர்க்கச் சொன்னது ஆய்வாளர். சேர்த்தது ஸோய்லா. குளறுபடி பண்ணியிருந்தா அவளைக் கேளுங்க."

ஸோய்லாவின் முகம் வெளுத்தது. 'நான் அப்பவே சொன்னேனே' என்கிற மாதிரி வாஷிங்டன் நிமிர்ந்து நின்றார்.

"ஸோய்லா இல்லை," என்றார் எல்வியா. "வியாழக்கிழமைன்னா கார் கிடையாதுங்கிறது அவளுக்கு உடம்புல ஊறினது. வாராவாரம் அதே பஸ்ஸுக்காக அதே குளிர்ல நிக்கிறவ. ஃபப்ரீசியோவும் அப்படித்தான். அவங்க ரெண்டு பேரும் பொய் சொல்லணும்னு உக்காந்தா, முதல்ல அந்தக் கார் வரியைத்தான் வெட்டுவாங்க. அதுல தப்பு இருக்கறதே தெரியாத ஆள் இங்க ஒருத்தர்தான். தன் வீட்டு வாசல்லேர்ந்து வேலைக்குப் பத்து நிமிஷம் நடக்கிறவர். எந்த நம்பர் என்னைக்கு ஓடக்கூடாதுன்னு வாழ்க்கையில ஒரு தடவைகூட யோசிக்க வேண்டியிராதவர்."

"இது ஊகம்!" கோர்டோவெஸ் மேஜையைத் தட்டினார்.

அப்போதுதான் ஸோய்லா வாயைத் திறந்தாள். "நான் மூணு மெயிலையும் தேதி போட்டு, நடுவுல கோடு போட்டு, ஒரு எழுத்து மாத்தாம சேர்த்து இன்ஜினியருக்கு அனுப்பினேன். அவர்தான் அதை மாத்தி ஆய்வாளருக்கு அனுப்பினார். அப்புறம் என் கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து மூணையும் அழிச்சார். வெளியில சொன்னா வேலை போயிடும்னார். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. பயந்துட்டேன், மரிட்சா."

"பொய்! ஆதாரம் எங்கே? காட்டச் சொல்லுங்க!"

"ஸோய்லா," என்றார் எல்வியா மெதுவாக. "தட்டுலேர்ந்து எடுத்துட்டுப் போற காகிதத்தை என்ன செய்வே?"

"என்ன செய்யறது... காகிதத்தை வீணாக்கக்கூடாதுன்னு இவர்தான் உத்தரவு போட்டார். வெள்ளைப் பக்கத்துல சமையல்காரம்மாவுக்கு..." அவள் பாதியில் நிறுத்தினாள். கூடத்திலிருந்த எல்லாத் தலைகளும் ஒன்றாக அறிவிப்புப் பலகைப் பக்கம் திரும்பின.

"போன வெள்ளிக்கிழமைத் தேதி போட்ட பட்டியல். சுருண்ட மூலையில பச்சை மை தெரியுது," என்றார் எல்வியா. "உள்ள வந்ததுலேர்ந்து அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். எதுன்னு எனக்கும் தெரியாது. பார்த்துடலாமா?"

கோர்டோவெஸ் பலகையை நோக்கி இரண்டு எட்டு வைத்தார். மூன்றாவது எட்டு வைக்க வழியில்லை. பெண்கள் பலகைக்கு முன்னால் நகர்ந்து நின்றுவிட்டார்கள். வாஷிங்டனுக்கு வேலையே இல்லாமல் போயிற்று.

லுஸ்மிலா ஊசிகளைப் பிடுங்கிக் காகிதத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு வார்த்தையாக, ஆஸ்பத்திரி வரை கேட்க வேண்டும் என்பதுபோல் படித்தாள்.

"வியாழன், காலை 7.40. இன்ஜினியர் அவர்களுக்கு, வணக்கம். பதினான்காம் குடிலைப் பார்த்தேன். நேற்றிரவு மருந்து அடித்திருக்கிறார்கள். உறைபனிக்காகத் திரைகளை மூடியே வைத்திருக்கிறார்கள், உள்ளே மூச்சுவிட முடியவில்லை. சனிக்கிழமை காலை வரை ஒருவரையும் உள்ளே அனுப்ப வேண்டாம். தயவுசெய்து. உறைபனி விலகியதும் திரைகளை ஏற்றச் சொல்லுங்கள். மரிட்சா."

மூலையில் பச்சை மையில் அவர் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் அவரே குறித்த நேரம், எட்டு மணி ஐந்து நிமிடம். பெண்களை உள்ளே அனுப்பியது எட்டரைக்கு. படித்துவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். பூவுக்காக! அதுவும் யாரோ யாருக்கோ நீட்டப்போகிற பூவுக்காக!

ஆய்வாளர் அகிர்ரே முன்னால் இருந்த அறிக்கையை இரண்டாகக் கிழித்தார். "இன்ஜினியர், நீங்க எங்கேயும் போக வேண்டாம். உக்காருங்க," என்று சொல்லிவிட்டு போனை எடுத்தார்.

லுஸ்மிலா இன்னும் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "திங்கள்லேர்ந்து நாலு நாளா இதுக்கு முன்னாலதான் நின்னு, இன்னைக்கு என்ன சாப்பாடுன்னு படிச்சேன்," என்றாள். பிறகு மரிட்சாவிடம் வந்தாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. "சாயந்தரம் நான்சியைப் பார்க்கப் போறேன். நீயும் வரணும். அவளால படிக்க முடியாது. 'தயவுசெய்து'ன்னு எழுதியிருக்கியே, அதை நீயே உன் வாயால அவளுக்குப் படிச்சுக் காட்டு."

மரிட்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வாஷிங்டன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆஸ்பத்திரிக்குத் தன் டாக்ஸியில் இரண்டு பேருக்கும் இடம் இருக்கிறது என்று கத்தினார்.

காகிதத்தை ஆய்வாளர் உறையில் போட்டு எடுத்துப் போனார். மறுநாள் சாப்பாட்டுப் பட்டியல் இல்லாததால் சமையல்காரம்மா அந்த மின்னஞ்சலின் நகல் ஒன்றை வாங்கிப் பலகையில் குத்தினாள். இந்த முறை எழுத்துப் பக்கம் வெளியே தெரிந்தது. வெள்ளிக்கிழமை என்ன சமையல் என்று அன்று யாரும் கேட்கவில்லை.