கம்பிக்குப் பூசிய சுண்ணாம்பு

பழவேற்காட்டில் உண்மையாகவே பறந்தவள் ஒருத்திதான். அவள் பெயர் அஃபீஃபா. ஆறாம் வகுப்பு. கடைத்தெருவில் வலையும் கயிறும் விற்கும் ஹயாத் பாஷாவின் மகள். அவள் பறந்தாள் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். அவளே சொன்னபோதும் சிரித்தார்கள். அந்த வயிற்றெரிச்சல்தான் இந்தக் கதை.

2003-ஆம் வருடம், கோடை விடுமுறை. ஏரிக்கரைக்கு ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது. படத்தின் பெயர் ‘செம்பருந்து’. செம்பருந்து என்பவன் பன்னிரண்டு வயதுப் பையன். சிவப்புச் சட்டை, சிவப்பு முகமூடி, முதுகில் சிவப்புச் சால்வை. யாருக்காவது ஆபத்து என்றால் பறந்து போய்க் காப்பாற்றுவான்.

கம்ப்யூட்டரில் பறக்க வைக்கும் அளவுக்கு அந்தக் கம்பெனிக்கு வசதி இல்லை. அதனால் பழைய முறைதான். இடுப்பில் ஒரு பட்டை, பட்டையில் இரண்டு கம்பி, மேலே கிரேனில் ஓர் உருளை, மறுமுனையை இழுக்க எட்டு ஆட்கள்.

எல்லாம் சரியாக இருந்தது. நடிக்க வந்த பையன்தான் சரியாக இல்லை. தரையிலிருந்து இரண்டடி தூக்கியதுமே ஓவென்று அழுதான். மூன்று தடவை தூக்கினார்கள், மூன்று தடவையும் அழுதான். கடைசியில் செம்பருந்து மூக்கைச் சிந்திக்கொண்டு காருக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

கம்பி இழுக்கும் ஆட்களுக்குத் தலைவர் மோசஸ். அன்று மாலை கயிறு வாங்க ஹயாத் பாஷா கடைக்கு வந்தவர், வலைமூட்டையின் உச்சியில் காலாட்டிக்கொண்டிருந்த அஃபீஃபாவைப் பார்த்தார். அந்தப் பையனின் அதே உயரம், அதே ஒல்லி.

“பாய், உங்க பொண்ண ரெண்டு நாளைக்கு எங்களுக்குக் குடுங்க. முகமூடி போட்டுனா யாரு இன்னான்னே தெரியாது” என்றார்.

அத்தா யோசித்தார். அம்மா மெஹர்னிசா முடியவே முடியாது என்றாள். அஃபீஃபா மூட்டையிலிருந்து குதித்து இறங்கி, இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டு விடவில்லை. கடைசியில் அவள்தான் ஜெயித்தாள்.

படத்தின் டைரக்டர் இரண்டு விஷயம் சொன்னார். படம் வரும்வரை வெளியே மூச்சுவிடக் கூடாது. படம் வந்ததும் அவள் பெயர் திரையில் வரும். முதல் விஷயத்தை அஃபீஃபா காப்பாற்றினாள். பொன்னேரியில் சின்னம்மா வீட்டுக்கு விடுமுறைக்குப் போயிருந்த ஆறு வயதுத் தம்பி அஹ்சனிடம்கூட அவள் வாய் திறக்கவில்லை.

பறப்பது ஜாலியான வேலை என்று நீங்கள் நினைத்தால் அது தப்பு. பட்டை இடுப்பெலும்பை நசுக்கும். வயிற்றை எக்கிப் பிடிக்காவிட்டால் தலை கீழே போய்விடும், கால் மேலே போய்விடும். சால்வை படபடக்க ஒரு ராட்சத மின்விசிறி வைத்திருந்தார்கள். அது ஏரிக்கரை மணலையெல்லாம் அள்ளி அவள் வாயில் போட்டது. மேலே போன பிறகுதான் ஒண்ணுக்கு வரும். பட்டையைக் கழற்றி மாட்ட அரை மணி நேரம் ஆகும் என்பதால் அதையும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

ஆனாலும் ஒரு நிமிஷம், முப்பதடி உயரத்தில், ஏரி முழுவதும் காலுக்குக் கீழே விரிந்து கிடந்தது. படகுகள் எறும்பு எறும்பாகத் தெரிந்தன. அந்த ஒரு நிமிஷத்தை அவள் யாருக்கும் தரமாட்டாள்.

முதல் நாள் எடுத்தது அத்தனையும் வீண். வெளிச்சத்தில் கம்பி கோடு போட்டதுபோலப் பளிச்சென்று தெரிந்தது. மோசஸ் கம்பிக்கு நீலப் பெயின்ட் அடித்தார். அப்போது நீலக் கோடு தெரிந்தது. டைரக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

அஃபீஃபா வலைக்கடைப் பெண் அல்லவா? கலங்கல் தண்ணீருக்கு ஒரு நிற வலை, தெளிந்த தண்ணீருக்கு ஒரு நிற வலை என்று கேட்டு வாங்கும் ஆட்களைத் தினமும் பார்க்கிறவள். மீன் கண்ணுக்கு வலை தெரியக் கூடாது. மனுஷன் கண்ணுக்குக் கம்பி தெரியக் கூடாது. இரண்டும் ஒன்றுதானே?

“எங்க ஊரு வானம் நீலமே கெடையாது, மாமா. நல்லா பாருங்க. ஒரு எடத்துல வெள்ள, ஒரு எடத்துல சாம்பல். ஒரே கலர அடிச்சா தெரியத்தான் செய்யும்” என்றாள்.

வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு டப்பா சிப்பிச் சுண்ணாம்பும் கொஞ்சம் அடுப்புச் சாம்பலும் கொண்டுவந்தாள். இங்கே வெள்ளையாக, அங்கே சாம்பலாக, திட்டுத்திட்டாகக் கம்பி முழுவதும் பூசினாள். பூசி உலர்ந்ததும் அண்ணாந்து பார்த்த மோசஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

“கம்பி எங்க பூட்ச்சி?” என்றார்.

இதுதான் அஃபீஃபா செய்த மிகப் பெரிய புத்திசாலித்தனம். அவள் செய்த மிகப் பெரிய முட்டாள்தனமும் இதுதான். ஆனால் அது தெரிய நான்கு மாதம் ஆயிற்று.

ஆகஸ்டு மாதம் பொன்னேரித் தியேட்டருக்குப் படம் வந்தது. அத்தா எல்லோரையும் அழைத்துப் போனார். அஃபீஃபா பெருநாளுக்கு எடுத்த பாவாடையைப் போட்டுக்கொண்டாள். திரையில் பெயர்கள் ஓடத் தொடங்கின. நடித்தவர் பெயர், பாடியவர் பெயர், சாப்பாடு போட்டவர் பெயர்கூட வந்தது. அவள் பெயர் வரவில்லை. மோசஸ் பெயரும் வரவில்லை.

“கடைசில போடுவாங்கம்மா” என்றார் அத்தா. கடைசியிலும் போடவில்லை.

நடுவில் செம்பருந்து பறந்தபோது தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. அஹ்சன் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினான். பறந்தவள் அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதைவிட அதிகமாக வந்தது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவள் வாயைத் திறந்தாள். பறந்தது தான்தான் என்றாள். தன்னைக் கம்பியில் கட்டித் தூக்கினார்கள் என்றாள்.

“கம்பியா? நான் மொத சீட்டுல ஒக்காந்து பாத்தேன். கம்பியும் இல்ல, ஒண்ணும் இல்ல” என்றான் கூடப் படிக்கும் குப்புராஜ்.

“தெரியாத மாரி நான்தான் பூசினேன்!”

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. பறந்தாளாம், கம்பியாம், அந்தக் கம்பியும் தெரியாதாம்! அன்று முதல் அவள் பெயர் ஆகாசப்புளுகி. வீட்டுக்கு வந்து அஹ்சனிடம் சொன்னாள். அவனும் நம்பவில்லை. அத்தா சாட்சி சொன்னார். அத்தா எப்போதும் விளையாட்டுக்கு எதையாவது சொல்கிறவர் என்பதால் அவன் அதையும் நம்பவில்லை. ஒரே ஒரு சாண் கம்பியைப் பூசாமல் விட்டிருக்கக் கூடாதா என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் அஹ்சன் அம்மாவின் பழைய சிவப்புத் துப்பட்டாவை முதுகில் கட்டிக்கொண்டே திரிந்தான். முதலில் கட்டிலிலிருந்து குதித்தான். பிறகு வலைமூட்டையிலிருந்து குதித்தான். அம்மா திட்டினாள். பிள்ளைகள் என்றால் குதிக்கத்தான் செய்யும் என்று அத்தா சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அத்தா கடையில் இருந்தார். அம்மா பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தாள். தெருவில் பிள்ளைகள் ஒன்று, இரண்டு என்று எண்ணும் சத்தம் அஃபீஃபாவுக்குக் கேட்டது. வாசலுக்கு வந்து பார்த்தால் எல்லோரும் அண்ணாந்து அவர்கள் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் அஹ்சன் நின்றுகொண்டிருந்தான். இரண்டு கையும் விரிந்திருந்தன. துப்பட்டா காற்றில் படபடத்தது.

“கிட்ட வந்தீனா குதிச்சிருவேன்” என்றான்.

அவள் அப்படியே நின்றாள்.

“விழுந்துருவடா. அந்தப் படத்துல கம்பி இருந்திச்சி.”

“பொய்யி. கம்பியே இல்லன்னு குப்புராஜ் அண்ணன் சொல்லிச்சி. நானும் பாத்தேன்.”

அவள் பூசிய சுண்ணாம்புதான் அவனை அந்தச் சுவர் மேல் ஏற்றியிருக்கிறது. கத்தினால் குதிப்பான், ஓடிப்போய்ப் பிடிக்கப் போனாலும் குதிப்பான். உண்மையைச் சொன்னாலோ நம்பமாட்டான். இனி என்னதான் இருக்கிறது?

மாடியில் வலை உலர்த்த உயரத்தில் குறுக்காகக் கட்டிய மூங்கிலில் ஒரு சுருள் தங்கூசி தொங்கிக்கொண்டிருந்தது. மீன் பிடிக்கும் மெல்லிய நைலான் நரம்புதான் தங்கூசி. படிக்கட்டு ஓரத்தில் அஹ்சனின் செருப்பு கிடந்தது.

“சரி, பற. ஆனா மொதல்ல செருப்பு பறக்கணும். செம்பருந்தும் அப்டித்தான் கத்துகினான்” என்றாள். குரல் நடுங்கியதை இருமி மறைத்தாள்.

“செருப்பு எப்டிப் பறக்கும்?”

“நான் பறக்க வெக்கறேன். பாத்துக்கினே இரு.”

அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தாள். வலைக்கடைப் பெண்ணுக்கு முடிச்சுப் போடக் கண் வேண்டுமா? செருப்பு வாரில் ஒரு முடிச்சு. நரம்பின் மறுமுனை மூங்கிலுக்கு மேலே போய் அவள் கைக்குத் திரும்ப வந்தது. மெல்ல இழுத்தாள்.

செருப்பு தரையை விட்டு எழுந்தது. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், தலைக்கு மேலே. காற்றில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றியது. கீழே எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது.

அஹ்சனின் வாய் பிளந்தது. “அக்கா… எனக்கு, எனக்கு” என்று சுவரிலிருந்து மாடிக்குள் இறங்கிச் செருப்பைப் பிடிக்க ஓடிவந்தான்.

அஃபீஃபா நரம்பை விட்டுவிட்டு அவனைப் பிடித்தாள். செருப்பு பொத்தென்று விழுந்தது. அவன் திமிறினான், கடித்தான், அவள் விடவில்லை. திமிறும்போது அவன் விரலில் ஏதோ சிக்கியது. கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் விரலில் அறுத்தது. அதைத் தடவித் தடவிச் செருப்புவரை போனான். பிறகு மூங்கிலைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

“அப்ப செம்பருந்து?”

“அவனும் இப்டித்தான்.” இடுப்பில் பட்டை அழுத்திய இடம் இன்னும் கறுத்திருந்தது. அதை அவனுக்குக் காட்டினாள்.

அவன் அதைத் தொட்டுப் பார்த்தான். “அப்ப யாருமே பறக்க மாட்டாங்களா?” என்றான்.

வேறு எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றியது.

“யாருமே பறக்க மாட்டாங்கடா” என்றாள்.

அடி விழுந்தால் அஹ்சன் ஊரைக் கூட்டி அழுவான். அன்று அவன் சத்தமே இல்லாமல் அழுதான். அவளும் அழுதாள். அவன் துப்பட்டாவை அவிழ்த்துக் கீழே போட்டுவிட்டுப் படியிறங்கிப் போனான். செருப்பைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

விஷயம் தெரிந்ததும் அம்மா அஹ்சனை அடித்தாள். பிறகு அஃபீஃபாவை அடித்தாள். பிறகு இரண்டு பேரையும் கட்டிக்கொண்டு அழுதாள். தனக்கு எதற்கு அடி விழுந்தது என்று அஃபீஃபாவுக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் குப்புராஜ் பக்கத்தில் வந்து நின்றான். செருப்பு எப்படிப் பறந்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். அவள் பையிலிருந்து ஒரு முழம் தங்கூசியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான், இழுத்துப் பார்த்தான், திருப்பிக் கொடுத்தான். ஆகாசப்புளுகி என்று அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை. அப்படிக் கூப்பிட்டது தப்பு என்றும் யாரும் சொல்லவில்லை.

அஹ்சன் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. தியேட்டரில் நாற்காலி மேல் ஏறிக் கத்திய அந்தப் பிள்ளையைத் தானே கொன்றுவிட்டதுபோல அவளுக்கு இருந்தது. ராத்திரி அவன் தூங்கிய பிறகு, மூச்சு வருகிறதா என்று மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பாள். வந்துகொண்டுதான் இருந்தது.

நான்காம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது, அவன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

“கம்பிக்கு நீதான் பூசினியா?”

“ஆமா.”

“அடுத்த தபா கொஞ்சம் தெரியற மாரி பூசு.”

அஃபீஃபா சரி என்று தலையாட்டினாள். தன் தட்டிலிருந்த பெரிய மீன் துண்டை எடுத்து, முள் நீக்கி, அவன் தட்டில் வைத்தாள். அவன் இன்னும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் இருந்தான். ஆனால் மீனைச் சாப்பிட்டுவிட்டான்.