நின்ற சமாதி

மாலைத் தூக்கம் கலைந்து எழுந்த ஆத்மநாதசாமி கட்டிலுக்கடியில் காலால் துழாவினார். செருப்பைக் காணோம். எதிரே பூசை மாடத்தில் இருந்தது, சந்தனம் பூசி, மாலை போட்டு. உயிரோடு இருக்கிறவன் செருப்புக்கு யார் மாலை போடுவார்கள்?

கொல்லைப் பக்கமிருந்து கற்பூர வாசனையும், புதிதாக வெட்டிய மண்ணின் நெடியும், கனத்த மூட்டைகளைப் பொத்துப் பொத்தென்று இறக்கும் சத்தமும் சன்னல் வழியே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வந்தன.

கீரமங்கலத்துப் பூக்கடையில் வாடிய மல்லிகையையும் தண்ணீர் தெளித்து விற்ற வாய் அவருடையது. அந்த வாயால் வந்ததுதான் சபை, சித்தன்னவாசல் சாலையில் ஆசிரமம், டிவி விவாதம், போலீஸ் வழக்கு எல்லாம். வழக்கு இறுகும்போதெல்லாம் சமாதியாகப் போவதாகத் தேதி சொல்வார். கூட்டம் கதறும். தேதி தள்ளிப்போகும். வியாபாரத்தில் முதலில் சொல்கிற விலை, விலையா என்ன?

அந்தத் தைரியத்தில்தான், சொன்ன தேதியான இன்றும் கொல்லைக்குப் போனார். ஆளுயரக் குழி. சுற்றிலும் மீமிசல் உப்பு மூட்டைகள். கூட்டம் கதறவில்லை. சிரித்த முகமாக நின்றது.

“அடைக்கலம், இன்னிக்கி வேணாம். தள்ளி வைப்போம்.”

தலைமைச் சீடன் அடைக்கலம் காலில் விழுந்தான். “சாமிதான சொன்னீங்க, ஒடம்பு பேரம் பேசும், காதுல வாங்காதீங்கன்னு.”

சொன்னதுதான். போன முறை தள்ளிவைத்தபோது டிவிக்காரர்கள் சிரித்தார்கள். தள்ளிவைத்தது நானில்லை, என் உடம்பு என்று மைக்கில் சமாளித்திருந்தார்.

“அடேய், இப்பப் பேசுறது நான்டா!”

“பாத்தீங்களா, இப்பிடித்தான் கத்தும்னு சொன்னாங்க.” சமையல்கட்டுச் சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “ஒரு சொல்லு மாறல.”

தூக்கினார்கள். பூப்போல. இறக்கினார்கள்.

“சம்மணம் போட்டு ஒக்காருங்க சாமி. அதான மொற.”

“ஒக்கார மாட்டேன்! என்ன பண்ணுவீங்களோ பண்ணுங்கடா!”

முழங்காலை விறைப்பாக்கி நின்றார். வாழ்நாளில் முதல்முறையாக, விலை குறைக்காமல்.

மேலே ஒரு விம்மல். “நின்ன சமாதி! எங்கிட்டாவது கேள்விப்பட்டதுண்டா!”

குலவை எழுந்தது. உப்பு விழுந்தது. முழங்கால். இடுப்பு. நெஞ்சு. வேண்டாம், வேண்டாம் என்று வலது கையை உயர்த்தி விரித்தார். வாயைத் திறந்தார். உப்பு.

இருட்டு. இறுக்கம். கை மட்டும் வெளியே.

உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒரு தலை பட்டது. ஆசி வாங்கிக்கொண்டு விலகியது. அடுத்தது, பூ வைத்த தலை. தள்ளினார். இன்னும் அழுந்தியது. அடுத்தது வழுக்கை.

வரிசை நகர்ந்தது.