அளவுக்கு நின்றவள்

ஷட்டர் அடித்தது.

வெயில் காய்ந்த அந்த அமைதியில் சத்தம் துல்லியமாகக் கேட்டது. ஆனால் நஸீமின் கையில் கமரா இல்லை. இரண்டு கமராக்களும் அவன் தோளில் தொங்கிய பைக்குள் இருந்தன. பையின் ஸிப் மூடியிருந்தது.

வாசலில் நின்ற காவலாளியின் பார்வை பைக்குப் போனது. உள்ளே போக முன்னமே படம் எடுக்கிறாயா என்று சிங்களம் கலந்த தமிழில் கேட்டான். நஸீம் கமராவை வெளியே எடுத்துக் காட்டினான். கடைசிப் படம் வெறும் கறுப்பு. ஏதோ பட்டு அழுந்தியிருக்க வேண்டும் என்றான். காவலாளி நம்பவில்லை. அடையாள அட்டையை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சட்டங்களைச் சொன்னான். செருப்பும் தொப்பியும் கழற்ற வேண்டும். தூணில் ஏறக்கூடாது. சிலைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு படமும் எடுக்கக்கூடாது, எடுத்தால் பொலிஸ். கடைசிச் சொல்லை நஸீமின் தாடியைப் பார்த்துச் சொன்னான்.

நஸீம் தலையாட்டினான். கல்முனையில் ஸ்டூடியோ வைத்திருப்பவன் அவன். கலியாண வீட்டுப் படங்கள்தான் பிழைப்பு. அறுகம்பையில் அரபு நாட்டுப் பயணிகளை எதிர்பார்த்துக் கட்டிய ஹோட்டல் ஒன்று, தன் சுவர்களுக்குப் பெரிய படங்கள் கேட்டிருந்தது. கோமாரியைத் தாண்டிப் பற்றைக்காட்டுக்குள் கிடந்த இந்தப் பாழ் விகாரைதான் அவர்கள் காட்டிய இடம். கல்தூண்கள், இடிந்த செங்கல் சுவர், தலையும் கைகளும் இல்லாமல் நிற்கும் ஒரு புத்தர் சிலை. ஒவ்வொரு படத்திலும் அபாயா உடுத்த ஒரு பயணி நிற்க வேண்டும். ஆள் நின்றால்தான் தூணின் உயரம் பார்ப்பவனுக்குப் புரியும். வருவதாகச் சொன்ன பெண் காலையில் காய்ச்சல் என்று கைவிரித்துவிட்டாள். நஸீம் தன் மனைவி கமீலாவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

கமீலாவுக்கு ஐந்து மாதம். ஏழு வருடங்களில் இரண்டு தடவை கலைந்து, மூன்றாவதாகத் தங்கியது. தூரப் பயணம் வேண்டாம் என்று டாக்டரும் சொன்னார், மாமியும் சொன்னார். இருவர் பேச்சையும் தட்டிவிட்டுக் கூட்டி வந்தது அவன் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. அந்த அரிப்பை அவன் கோபமாகக் காட்டினான். வழி முழுக்கச் சண்டை.

"நான் என்ன, அளந்து பாக்க ஒங்கட அடிமட்டமா?" என்று திருக்கோயில் சந்தியில் கேட்டாள்.

"ஒரு மணித்தியாலம் புள்ள. சும்மா நிண்டாப் போதும்."

"நிக்கன். ஆனா ஒரு வார்த்தை கதைக்க மாட்டன்."

சொன்னபடியே வாயை மூடிக்கொண்டாள். வேன் சாவியைக் கூட அவன் கையிலிருந்து பேசாமல்தான் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டாள்.

உள்ளே கச்சான் காற்று அனலாக வீசியது. எரிந்து முடிந்த விளக்குத்திரியின் எண்ணெய் நாற்றமும், வாடி அழுகிய அரலிப் பூக்களின் இனிப்பும், எங்கோ செங்கல் இடுக்கில் வௌவால் இருந்த வாடையும் காற்றோடு வந்து வந்து போயின. மணல் வெறுங்காலைச் சுட்டது. மரங்களுக்கு அப்பால் கடல் ஒரே சுருதியில் இரைந்துகொண்டிருந்தது.

மூன்றாவது தூணின் பக்கத்தில், சிலையைப் பார்த்தபடி கமீலாவை நிறுத்தினான். இவனுக்குத் தெரிந்தது அவள் முதுகு மட்டும்தான். தூணைச் சுற்றிப் பூ வேலை செய்த ஒரு பட்டை ஓடியது. அவள் உச்சந்தலை அந்தப் பட்டையைச் சரியாகத் தொட்டது. நல்ல அளவு என்று நினைத்துக்கொண்டான். ஒரு கையை இடுப்பில் ஊன்றி, நாரி முதுகை நிமிர்த்தி நின்றாள். கொஞ்சம் பின்னால் வரச் சொன்னபோது திரும்பாமலே, சிலைக்கு முகத்தைக் கொடுத்தபடி, காலால் மணலைத் தடவித் தடவி வந்தாள். அவளுக்கும் பொலிஸ் பயம்.

பன்னிரண்டு படங்கள் எடுத்தான்.

பிறகு லென்ஸ் மாற்ற வேண்டியிருந்தது. தூசி உள்ளே போகாமலிருக்கக் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக் குந்தி, பைக்குள் தலையைக் கவிழ்த்து, மெதுவாகக் கழற்றி மெதுவாகப் பூட்டினான். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அதற்குள் கடல் இரைச்சல் எப்போது நின்றது என்று அவனுக்குத் தெரியவில்லை.

எழும்பித் திரும்பினான். மூன்றாவது தூணின் பக்கத்தில் அவள் அதே இடத்தில் நின்றாள். இடுப்பில் ஊன்றிய கை மட்டும் இறங்கியிருந்தது. இரண்டு கைகளும் பக்கவாட்டில் நேராகத் தொங்கின.

எடுத்துக்கொண்டே போனான். பதினெட்டாவது படத்தைத் திரையில் பார்த்தபோது ஏதோ உறுத்தியது. பூப்பட்டை அவள் காதுக்கு நேரே ஓடியது.

கல்லில் ஏறி நிற்கிறாளோ? பெரிதாக்கிப் பார்த்தான். அபாயாவின் விளிம்பு மணலில் கிடந்தது. அகல லென்ஸ் ஓரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும், அதுதான் என்று தனக்குத்தானே சொன்னான். அவளை நடுவில் வைத்து இன்னும் நான்கு எடுத்தான்.

பட்டை அவள் கழுத்துக்கு நேரே ஓடியது.

முதல் படத்துக்குப் போனான். உச்சந்தலை. பத்தாவது. உச்சந்தலை. பதினெட்டு. காது. இருபத்திரண்டு. கழுத்து. நகர்த்துகிற விரல் வியர்வையில் வழுக்கியது. தூண் மாறவில்லை. ஆயிரம் வருடமாக அது அதே உயரம்.

கமராவை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தான். பட்டை அவள் தோளில் இருந்தது.

வெயில் அப்படியே எரிந்தது. கச்சான் காற்று பற்றைகளை வளைத்து வளைத்து ஆட்டியது. அவள் அபாயா ஆடவில்லை.

"கமீலா, போதும். போவம் வா."

அவள் திரும்பவில்லை. கதைக்க மாட்டேன் என்று சொன்னவள்தானே. கோபம் தீரவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று இரண்டு தடவை நினைத்தான்.

அவள் பின்னால் ஓர் அடி வைத்தாள்.

அவன் வரச் சொல்லவில்லை.

இன்னோர் அடி. மணலைத் தடவவில்லை. தயங்கவில்லை. பின்னால் இருப்பதெல்லாம் தெரியும் என்பதுபோல் நேராக வந்தது அந்த முதுகு.

வாசலைப் பார்த்தான். காவலாளியின் கதிரை வெறுமையாகக் கிடந்தது. ஓட நினைத்தான். ஓடினால், அது கமீலாவாக இருந்தால்? அவள் வயிற்றில் பிள்ளை. கத்தினால் பயந்து விழுவாள். மூன்றாவது பிள்ளை.

போனை எடுத்தான். அவள் இலக்கத்தை அழுத்தினான். முன்னால் நிற்கிறவளிடமிருந்து மணி கேட்க வேண்டும். கேட்டுவிட்டால் போதும். யா அல்லாஹ், கேட்டுவிட்டால் போதும்.

கேட்கவில்லை.

இன்னோர் அடி. அதன் நிழல் அவன் கால் விரல்களைத் தொட்டது. நிழல் விழுந்த இடம் குளிர்ந்தது.

மறுமுனையில் போன் எடுபட்டது. என்ஜின் சத்தம். அவனுடைய வேனின் பின்கதவு கடகடவென்று ஆடும் சத்தம். வேன் ஓடிக்கொண்டிருந்தது.

கமீலாவுக்கு வேன் ஓட்டத் தெரியாது.

"கமீலா," என்றான். "எங்க நிக்கிற? ஆரோட போற?"

அவள் மூச்சு மட்டும் கேட்டது. முன்னால் முதுகு இன்னும் உயர்ந்து, வெயிலை மறைத்து, கைக்கு எட்டும் தூரத்தில் வந்து நின்றது. மெதுவாக, மிக மெதுவாக, தலை திரும்பத் தொடங்கியது.

போனில் கமீலா பேசினாள். அவனோடு இல்லை. பக்கத்தில் இருந்த யாரோடோ, சண்டை தீர்ந்த மலர்ச்சியோடு.

"இஞ்சாருங்க, ஒங்கட போன அங்கயே உட்டுட்டு வந்திரிக்கீங்க. ஆரோ ஒருத்தன் எடுத்து, ஒங்கட குரல்லயே கதைக்கான்."