மஞ்சள் கோடு

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி. புந்தோங்கில் ஒரு கல்யாண மண்டபத்தின் நடுவே ஒற்றைச் சப்பாத்து கிடந்தது. முன்பக்கம் பிளந்திருந்தது. சுற்றிலும் இரத்தம். சப்பாத்துக்குரிய மகேந்திரன் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தான்.

கோலின் முழங்காலிட்டு உட்கார்ந்தான். குத்தகை நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி. முப்பத்தொரு வயது. அதிகம் பேசமாட்டான். மனைவி ஜானிஸ் போன வருடம் இறந்ததிலிருந்து அதுவும் குறைந்துவிட்டது.

சப்பாத்துக்குப் பக்கத்தில் ஸ்கிராப்பர் சாய்ந்து கிடந்தது. மின்சுத்தியலின் நீண்ட தண்டில் அகலமான தகட்டை மூன்று போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். சுவிட்சை அழுத்தினால் தகடு அதிர்ந்து, சாம்பல் சிமெந்தில் ஒட்டிப்போன பழைய பிளாஸ்டிக் விரிப்பைப் பெயர்த்துத் தள்ளும். இன்று இரண்டு போல்ட்கள் கழன்று விழ, தகடு மூன்றாவதில் தொங்கியபடி பின்பக்கம் சுழன்று, பிடித்திருந்தவனின் காலிலேயே இறங்கிவிட்டது.

கோலின் முதலில் பிளக்கைப் பிடுங்கினான். பிறகுதான் தகட்டைத் தொட்டான்.

"தகடு மாத்துனது யாரு?"

"சுரேன்தான் சார். சனிக்கிழமை சாயங்காலம்." சூப்பர்வைசர் சுகுமாரன் தொண்டையைச் செருமினார். ஐம்பது வயதுக்காரர். கண்கள் சிவந்திருந்தன. "சொல்லவே சுசாவா, சங்கடமா இருக்கு. போறப்ப கேட்டேன், லாக் போட்டாச்சாடான்னு. திங்கக்கிழமை பாத்துக்கலாம்லா அண்ணேன்னான்."

வேலைத்தளத்தில் லாக் போடுவது என்றால் போல்ட்டை முறுக்கி இறுக்குவது. அங்கிருந்த எல்லோரும் சுரேனைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சுரேன் ஸ்டோர் வாசலில் குத்துக்காலிட்டிருந்தான். கதவில் பூட்டு இல்லை. கொண்டியில் ஒரு கம்பித் துண்டு செருகியிருந்தது.

"இறுக்குனியா?"

"இறுக்குனேன். புது தகடு, புது வாஷர். ஸ்பானர் போட்டு இறுக்கித்தான் கோடு போட்டேன்."

போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன் தலையிலிருந்து தகடுவரை மஞ்சள் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு இழுப்பது சுரேனின் வழக்கம். போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் கோடு முறிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

"அப்ப லாக் போடலன்னு சொன்னது?"

சுரேன் நிமிர்ந்தான். "எங்க மச்சான் காலு போச்சு சார். எங்கக்கா போனை எடுக்க மாட்டேங்குது. இப்ப உக்காந்து லாக்கு, போல்ட்டுன்னு வழக்கு பேசச் சொல்றீங்களா?"

மகேந்திரன் அவன் அக்கா துளசியின் கணவன். அவனை இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் மகேந்திரன்தான். கோலினின் அறிக்கையில் சுரேன் பெயர் விழுந்தால் இயந்திரம் தொட இனி எவனும் விடமாட்டான். அதைப் பற்றி அவனுக்குக் கவலை இருந்ததாகவே தெரியவில்லை. கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கோலின் மிச்சமிருந்த போல்ட்டைக் கழற்றினான். வாஷருக்கு அடியில் சிவப்பாக ஏதோ நெருநெருத்தது.

"காம்பார் சைட்டு செம்மண்லா சார்," என்றார் சுகுமாரன். "போன மாசம் இந்த மெஷின் அங்கதான் ஓடுச்சு."

கோலின் விரல்நுனியில் எச்சில் தொட்டுத் தேய்த்தான். கரையவில்லை. மணலாகவே நின்றது. அதை ஒரு காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, போல்ட் தலையை நகத்தால் சுரண்டிப் பார்த்தான்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்," என்றான்.

சுகுமாரன் தன் வேனை எடுத்தார். சுரேன் பின்னால் ஏறினான். அங்கே ஒரு சக்கரநாற்காலி மடக்கிக் கிடந்தது.

"யாருக்குண்ணே?" என்றான் கோலின்.

"வீட்டுக்காரிக்கு. விமலா. ஸ்ட்ரோக் வந்து ரெண்டு வருஷமாச்சு சார். பிரேக் கட்டை தேஞ்சுபோச்சு, மாத்தணும்."

கோலின் மறுபடி திரும்பிப் பார்த்தான். ஜானிஸிடம் இருந்ததும் இதே மாதிரி நாற்காலி. ஜானிஸ் போன மறுவாரமே அதைத் தேவாலயத்தில் கொடுத்துவிட்டு வந்திருந்தான். இதன் டயர் இடுக்கிலெல்லாம் சிவப்பு படிந்திருந்தது. பார்வையைச் சாலைக்குத் திருப்பினான்.

"வீடு எங்கண்ணே?"

"சிம்பாங் பூலாய் தாண்டி. பழைய எஸ்டேட்ல கணக்கு எழுதுற கிராணி இருந்த வீடு. அந்தக் காலத்துக் கட்டடம்."

வேன் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது.

பத்தரை மணி. மகேந்திரனுக்குப் பாதி மயக்கம். இரண்டு கால்விரல்களை எடுத்திருந்தார்கள்.

"ஸ்பானர் வச்சுப் பாக்கலையா, மகேந்திரன்?"

"கோடு நேரா இருந்துச்சு சார். மச்சான் போட்ட கோடுன்னு நம்பி சுவிட்ச அமுக்கிட்டேன்."

கோலின் வெளியே வந்தான். வராந்தாவின் ஒரு கோடியில் துளசி நின்றாள். மறுகோடியில் சுரேன், கிட்டே வரத் தைரியமில்லாமல்.

"என் புருஷன் காலை என் தம்பியே வெட்டிட்டான்னு எழுதிக்குங்க சார்," என்றாள் துளசி.

"எழுத மாட்டேன்." கோலின் சுகுமாரன் பக்கம் திரும்பினான். "எந்த லாக்குண்ணே?"

"என்ன சார்?"

"சனிக்கிழமை நீங்க கேட்டது எந்த லாக்கு? தகடா, ஸ்டோர் கதவா?"

சுகுமாரன் சுரேனை ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டோர் பூட்டு துருப்பிடிச்சுப் போச்சு," என்றான் சுரேன் தூரத்திலிருந்து. "புதுசு வாங்கணும். அதைத்தான் திங்கக்கிழமை பாத்துக்கலாம்னேன்."

"நேத்து அந்தத் திறந்த ஸ்டோர்லேர்ந்து மெஷினை எடுத்துட்டுப் போனது நீங்க." கோலின் காகிதத்தைப் பிரித்தான். "இது செம்மண் இல்ல. பழைய வீட்டுச் சிவப்பு சிமெந்துத் தரை. மண்டபத்துத் தரை சாம்பல் நிறம். புது வாஷருக்கு அடியில இது போகணும்னா, சனிக்கிழமைக்குப் பிறகு யாரோ தகட்டைக் கழட்டி மாட்டியிருக்கணும். இதே தூள்தான் உங்க நாற்காலிச் சக்கரத்துல இருக்கு."

"அது..."

"இன்னொண்ணு. கோட்டுக்குள்ளயும் சிவப்பு இருக்கு. தூளுக்கு மேலதான் பெயிண்ட் விழுந்திருக்கு. அது சுரேன் போட்ட கோடு இல்ல. நீங்க போட்டது."

சுகுமாரன் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"வீட்டு விரிப்பு கிளம்பிக்கிட்டுச்சு சார். சக்கரம் மாட்டி ரெண்டு தரம் குப்புற விழுந்துட்டா. முன்பல்லு போச்சு. மெஷின இரவல் கேட்டா கம்பெனி குடுக்காது. நம்ம வேலைக்குப் புது தகடு மழுங்கிடக் கூடாதேன்னு பழசை மாட்டித்தான் சுரண்டுனேன். திரும்ப புதுசை மாட்டும்போது ஸ்பானர் இல்ல, அது சுரேன் பையில. பிளையர் வச்சு ஒரு திருகு திருகுனேன். காலைல இவனுங்க எப்படியும் இறுக்கிப் பாப்பானுங்கன்னு நெனச்சேன்."

"அப்ப கோடு எதுக்கு?"

"தின்னர் போட்டுத் துடைச்சதுல பழைய கோடு அழிஞ்சுபோச்சு. எடுத்துட்டுப் போனது தெரியக் கூடாதுன்னு..."

"கோடு இல்லாம விட்டிருந்தா மகேந்திரன் ஸ்பானரைத் தேடியிருப்பான்," என்றான் கோலின். "நீங்க மெஷினை எடுத்தது தப்பு. தகட்டை இறுக்காதது அதைவிடப் பெரிய தப்பு. ஆனா அவன் காலை வெட்டுனது அந்தக் கோடு."

குரலை உயர்த்தவில்லை. காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

"போலீஸ் வருவாங்கண்ணே. அவங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."

சுகுமாரன் தலையசைத்தார். பிறகு வராந்தா கடிகாரத்தைப் பார்த்துத் திடுக்கிட்டு எழுந்தார். "சார், மணி பதினொண்ணு. அவளுக்குச் சோறு ஊட்டணும். தானா சாப்பிட முடியாது. ஒரு எட்டு போய்ட்டு..."

"நீங்க போக முடியாதுண்ணே."

துளசி அவரை நெடுநேரம் பார்த்தாள். முகத்தில் இரக்கம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

"உங்க மூஞ்சியில முழிக்கவே எனக்குப் பிடிக்கல," என்றாள். "வேன் சாவியக் குடுங்க."

வாங்கி, வராந்தாவின் மறுகோடிக்கு நடந்தாள். சுரேன் எழுந்து நின்றான். அக்கா அடிக்கப்போகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, கண்களை மூடிக்கொண்டான். அவள் அவன் உள்ளங்கையை விரித்துச் சாவியை வைத்தாள்.

"அந்தக்கா என்னடா பண்ணுச்சு, பாவம். போய் ஊட்டிட்டு வா. நாற்காலியையும் எறக்கி வை. மச்சான் முழிச்சா நீ வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்றேன்."

"அக்கா..."

"வந்து அழு. இப்ப ஓடுடா."