பின்படியில் ஒரு செம்பனைக் கறை

இரண்டாயிரத்து முந்நூற்றைம்பது மலேசிய வெள்ளி.

தர்மா தன் தம்பி கோகிலனுக்குத் தர வேண்டிய பாக்கி அது. பதினொரு வருஷத்துப் பாக்கி. வாங்க வேண்டியவன் ஒரு நாளும் கேட்டதில்லை. கொடுக்க வேண்டியவன் ஒரு நாளும் மறந்ததில்லை.

அன்று காலை கோகிலன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அலறியது.

மிஷெல். அவன் ஆபிசில் முன் மேசையில் உட்காரும் பெண்.

"கோகி... ஆபிசுக்கு வாலா. வெண்டி அக்கா..."

"அக்காவுக்கு என்ன?"

"பின்படியில விழுந்து கிடக்குறாங்க. கூட்டுற அம்மாதான் பாத்துச்சு. போலீஸ் வந்திருக்கு."

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினாங்களா இல்லையா?"

மிஷெல் மூக்கை உறிஞ்சினாள்.

"எதுக்கு ஆஸ்பத்திரி... நேத்து சாயங்காலமே போயிட்டாங்கடா."

இஸ்திரிப் பெட்டி சட்டை முதுகிலேயே உட்கார்ந்திருந்தது. கருகல் வாசனை வந்த பிறகுதான் கோகிலன் அதைத் தூக்கினான்.

அவனைத் தாங்கிப் பிடித்திருந்த ஒரே கை, அந்த அக்காவின் கை.

ஈப்போ பழைய டவுனில், மாடிக் கடை வரிசையில் இருந்தது அவன் கம்பெனி. செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில் விலை இறங்கிவிடுமோ என்று பயப்படுவான் மில்காரன். ஏறிவிடுமோ என்று பயப்படுவான் சோப்புக் கம்பெனிக்காரன். இரண்டு பேரிடமும் விலையை முன்கூட்டியே பேசி ஒப்பந்தம் போடுவார்கள் இங்கே. ஸ்வாப் என்று பெயர். ஒருத்தன் பயத்தை இன்னொருத்தன் தலையில் மாற்றி வைக்கிற வியாபாரம்.

அதில் ஒரு சட்டம் உண்டு. மோசடி வழக்கில் தண்டனை வாங்கியவன் வாடிக்கையாளரிடம் இந்த வியாபாரம் பேசக் கூடாது. தகுதியிழந்தவன்! அவனை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் கம்பெனி தலைநகர் கே.எல்.லில் இருக்கும் ஆணையத்துக்கு விலக்கு கேட்டு எழுத வேண்டும். 'இவனுக்கு நான் பொறுப்பு' என்று மேலே உள்ள ஒருத்தர் பேர் கொடுக்க வேண்டும்.

கோகிலன் மேல் அப்படி ஒரு தண்டனை இருந்தது.

மற்ற மேலாளர்கள் எல்லோரும் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்கள். வெண்டி அக்கா மட்டும் சொன்னாள், "என் பேர போடு. செத்தா போயிடுவேன்?"

கோகிலன் அவசரமாகச் செருப்பை மாட்டினான்.

*

ஆபிஸ் பின்கதவில் மஞ்சள் நாடா. உடம்பை எடுத்துவிட்டார்கள். படிக்கட்டில் சுண்ணாம்புக் கோடு மட்டும் படுத்திருந்தது.

"நீங்கதான் கோகிலனா?"

இன்ஸ்பெக்டர் ஜெயபாலன். கையில் கோப்பி ஐஸ் பொட்டலம். கண்ணில் தூக்கம் இல்லை.

"ஆமா துவான்."

"வெண்டி அம்மாவுக்கும் உங்களுக்கும் சண்டையா?"

"இல்ல துவான்."

"உங்க பேர்ல ஒரு பேப்பர் ஓடிட்டிருந்துச்சாமே?"

"ஆமா."

ஜெயபாலன் ஒரு பிளாஸ்டிக் உறையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கிழிந்த காகிதத் துண்டு. ஒரு தாளின் தலைப்பகுதி.

"செத்தவங்க கைக்குள்ள இருந்துச்சு. விரலப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப் போச்சு. படிங்க."

பெரிய எழுத்து. கறுப்பு எழுத்து.

தகுதியிழந்த நபர் : கோகிலன்.

அவ்வளவுதான். அதன் கீழே வந்த விண்ணப்பம், கெஞ்சல், பொறுப்பேற்பு... எல்லாம் கிழிந்த மறுபாதியோடு போயிருந்தது. ஆளைத் துரத்தினாலும் சரி, காப்பாற்றினாலும் சரி, இந்தத் தாளுக்குத் தலைப்பு ஒன்றுதான்.

"இது போனா உங்க வேலை போயிடும். அப்படித்தானே?"

இல்லை என்று சொல்லத்தான் கோகிலன் வாயைத் திறந்தான்.

அப்போதுதான் அதைப் பார்த்தான்.

மூன்றாம் படியின் ஓரம். யாரோ செருப்பால் நசுக்கிய சிவப்பு மஞ்சள் கறை. நாரோடு கொஞ்சம் தோல்.

செம்பனைப் பழம்!

டவுனில், மாடிப்படியில், செம்பனைப் பழத்துக்கு என்ன வேலை? குலை ஏற்றும் லாரிக்காரனின் பூட்சில் சிக்கினால்தான் அது இவ்வளவு தூரம் வரும். சுங்கை சிப்புட்டில் பழைய ரப்பர் தோட்டத்தை அழித்து நட்ட செம்பனையில் லாரி ஓட்டுகிற ஒருத்தனை அவனுக்குத் தெரியும்.

நேற்று மதியம் போனில் அவனிடம் பேசியதும் நினைவுக்கு வந்தது.

'அந்தப் பழைய கேஸ் பேப்பர் இன்னைக்கு கே.எல்.லுக்குப் போகுதுண்ணே.'

'யாரு அனுப்புறா?'

'வெண்டி அக்கா. அப்புறம் பேசுறேன், ஆள் வருது.'

இன்னும் ஒரு வரி சொல்லியிருக்கலாம். நல்லதுக்குத்தான் போகுது என்று ஒரே ஒரு வரி!

"என்ன பாக்குறீங்க? அது என்ன கறை?" என்றார் ஜெயபாலன்.

"மிளகாய்ச் சம்பல், துவான்."

"சம்பலா?"

"நாசி லெமாக் சோத்துப் பொட்டலம். நேத்து நான்தான் கொட்டிட்டேன்." கோகிலன் கறையை மறைத்து நின்றான். "துவான்... நான்தான் செஞ்சேன். வேலை போயிடும்னு பயம். பேப்பரப் புடிச்சு இழுத்தேன். அக்கா விழுந்துட்டாங்க."

ஜெயபாலன் கோப்பியை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"எந்தக் கையால இழுத்தீங்க?"

"வலது... ரெண்டு கையாலயும்."

"மறுபாதி எங்க?"

"எரிச்சிட்டேன்."

"எதுல?"

"அடுப்புல."

"தம்பி, நான் சுங்காய் ஊர்க்காரன். செம்பனைக் காட்டுல பொறுக்குப் பழம் பொறுக்கி வளந்தவன். எனக்கே சம்பல் ஊட்டுறீங்களா?"

கோகிலன் தலை குனிந்தான்.

ஜெயபாலன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். "அம்மா கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நேத்து நாலு மணிக்கே கே.எல்.லுக்குப் போயிடுச்சு. படியில கிழிஞ்சது ஆபிஸ் காப்பி. கேளுங்க, உங்களப் பத்தி எழுதியிருக்காங்க. 'இவர் தன் குற்றத்தை எங்களிடம் மறைக்கவில்லை. இவருக்குப் பொய் சொல்ல வராது. இவருக்கு நான் பொறுப்பு.'"

தாளை மடித்தார்.

"அம்மா சரியாத்தான் எழுதியிருக்காங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வரல."

கோகிலன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அழுகை சத்தமில்லாமல் வந்தது.

"உங்க அண்ணன் விடியக்காலையிலேயே போலீஸ் பாலாய்க்கு வந்து நின்னுட்டாரு. நேத்து இங்க நீங்க அனுப்பி வந்தாரா, தானா வந்தாரான்னுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்துச்சு. தெரிஞ்சு போச்சு. அந்தப் பழைய எடைச் சீட்டு கேஸ்... அதுவும் அவர் செஞ்சதுதானா?"

கோகிலன் தலையாட்டினான்.

"அப்புறம் நீங்க ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"எங்க பக்கம் அப்படித்தான் துவான். அண்ணன் கள்ள எடைச் சீட்டு போட்டு குலையக் கைமாத்திட்டாரு. அண்ணி புள்ளத்தாச்சி. சம்பாதிக்கிறவன் உள்ள போனா அடுப்பு எரியாது. வேலை இல்லாதவன் ஒத்துக்குவான். நான் காலேஜுக்குக் காத்துக்கிட்டு சும்மா இருந்தேன். காலேஜுக்குச் சேத்த காசுல அபராதம் கட்டுனேன். காசக் கட்டுனா கேஸ் தீந்துச்சுன்னு நெனச்சோம்."

"அது ஆயுசுக்கும் கூட வருமே, தம்பி."

"அது வெண்டி அக்கா சொல்லித்தான் தெரியும்."

முன்பக்கமிருந்து மிஷெல் வந்து நின்றாள். கண்கள் வீங்கியிருந்தன.

"கோகி... பாஸ் கே.எல்.லுக்குப் பேசுனாரு. பொறுப்பு எடுத்தவங்க இல்லன்னா விலக்கு செல்லாதாம். வேற ஆளு பேர் கொடுக்கணுமாம்." அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். "யாரும் தர மாட்டேங்கறாங்க."

*

கீழே போலீஸ் வண்டி. பின் சீட்டில் விலங்கோடு தர்மா. பெரிய உடம்பு, சின்னதாகத் தெரிந்தது. பூட்ஸ் ஓரத்தில் இன்னும் சிவப்பு நார்.

"பேசிக்கங்க," என்றார் ஜெயபாலன். ஆனால் நகரவில்லை.

"சாப்ட்டியாடா?" என்றான் தர்மா.

"ம்."

"பொய். கண்ணப் பாத்தா தெரியாதா."

"எதுக்குண்ணே இங்க வந்த?"

"உனக்குத் தரவேண்டிய காச எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். அந்தம்மாகிட்ட கேட்டேன், மறுபடியும் அபராதம் கட்டுறேன், தம்பி பேர அழிச்சிடுங்கன்னு. அதெல்லாம் அழிக்க முடியாதுண்ணே, இதப் பாருங்கன்னு பேப்பரக் காட்டுனாங்க. எனக்கு எழுத்துக்கூட்டித்தானே வரும்? தலைப்ப மட்டும் படிச்சேன். படிச்சதும் எனக்கு ஒண்ணும் புரியல... இழுத்தேன். தள்ளலடா. மாதா மேல ஆணையா தள்ளல. ஏதோ சொல்ல வந்தாங்க. நான் கேக்கல."

"ஆம்புலன்ஸ் கூப்பிட்டிருக்கலாமேண்ணே."

"ஓடிட்டேன். தஞ்சோங் ரம்புத்தான் வரைக்கும் லாரிய விட்டுட்டு, ரோட்டோரம் உக்காந்துட்டேன். அந்தம்மா என்னை அண்ணேன்னு கூப்பிட்டாங்கடா."

தர்மா விலங்குக் கையால் முகத்தைத் துடைத்தான். அப்புறம் தம்பியைப் பார்த்தான். அந்தப் பெரிய முகத்தில் ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பேப்பர்... போகலையே? உன் வேலைக்கு ஒண்ணும் ஆகலையே?"

ஜெயபாலன் கோகிலனைப் பார்த்தார்.

கோகிலன் அண்ணனின் கண்ணை நேராகப் பார்த்தான்.

"போகலண்ணே. நீ நிப்பாட்டிட்ட. வேலை இருக்கு."

குரல் நடுங்கவில்லை. கண் தாழவில்லை. பொய் சொல்ல வராதவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அண்ணனிடம் ஒரு பொய்யை ஒழுங்காகச் சொன்னான்!

ஜெயபாலன் சட்டென்று திரும்பி, டவுனைச் சுற்றி நிற்கும் சுண்ணாம்பு மலைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

தர்மாவுக்கு மூச்சு இறங்கியது. "அது போதும்லா. இந்தத் தடவை நீ வாயத் திறக்காத. என் கேஸ், என் பேரு."

"சரிண்ணே."

"காச போலீஸ்காரங்க எடுத்து வச்சிருக்காங்க. ரெண்டாயிரத்து முந்நூத்தம்பது. ரசீது கொடுத்தாங்க, சட்டைப்பையில இருக்கு, எடுத்துக்க."

கோகிலன் குனிந்து எடுத்தான். மடிப்பில் செம்பனை எண்ணெய் ஊறியிருந்தது.

"அண்ணியப் பாத்துக்க."

"பாத்துக்கறேன்."

வண்டி உறுமியது. தர்மா கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, அழுகிற தம்பியைப் பார்த்துச் சிரித்தான்.

"அசல் தீந்துச்சுடா. வட்டிய நான் உள்ள உக்காந்து கட்டிக்கிறேன்."